குரத்தியர் மரபும் சகோதரி சுப்புலட்சுமியும்

தமிழகத்தில் பெண்கல்வி ஐரோப்பியப் பாதிரிமாரோடு வந்தது என்று எழுதுவோர் இன்றும் உளர். அவர்கள் வந்தவாசிக்கு அருகிலுள்ள வேடல் கல்வெட்டைப் படித்திலர் போலும். முதலாம் ஆதித்த சோழனின் 14ஆம் ஆட்சியாண்டில், அதாவது ஏறத்தாழ கி.பி. 885இல் பொறிக்கப்பட்ட அச்சாசனம், குணகீர்த்தி படாரரின் மாணாக்கியாராகிய கனகவீரக் குரத்தியாரைக் குறிப்பிடுகிறது. குரத்தி என்பது சமணப் பெண் ஆசிரியருக்குரிய பெயர். அவர்பால் பயின்ற ஐந்நூற்றுவருக்கும் வேறு நானூற்றுவருக்கும் பிணக்கு நேர்ந்தபோது, குரத்தியாரையும் அவர்தம் மாணாக்கியரையும் காத்து உணவூட்டுவதாக ஊரார் உறுதி செய்தனர். அவர்கள் என்ன பாடம் பயின்றனர் என்பதன்று, சோறும் காவலுமே அங்குப் பேசப்படுகின்றன.

ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின் சென்னையில் ஒரு தலைமையாசிரியை எதிர்கொண்டதும் இதே வினாவைத்தான். 1886இல் மயிலாப்பூரில் பிறந்த ஆர்.எஸ். சுப்புலட்சுமி பன்னிரண்டு வயது நிரம்புமுன்னரே கைம்பெண் ஆனவர். தந்தையார் சுப்பிரமணிய ஐயர் ஊர்வாய்க்கு அஞ்சாது மகளைப் படிக்கவைத்தார். 1911இல் மாநிலக் கல்லூரியில் பயின்று அவர் பட்டம் பெற்றபோது, சென்னை மாகாணத்தில் அந்நிலையை எய்திய முதல் இந்துக் கைம்பெண் அவரே ஆவார்.

தம்மைப் போன்ற சிறுமியருக்குப் பள்ளிக்கூடம் மட்டும் போதாது என்பதை அவர் அறிந்திருந்தார். எதிரில் வந்தாலே சகுனத்தடை என்று ஒதுக்கப்பட்ட பெண்ணுக்கு எவர் இடம் தருவர்? எனவே எழும்பூரில் தம் இல்லத்திலேயே நான்கு சிறுமியரைச் சேர்த்துக்கொண்டார். தாமும் கைம்பெண்ணாகிய சித்தி வாலாம்பாள் அம்மையார் அவர்களைப் பேணும் பொறுப்பைத் தாங்கினார். தொகை பெருகவே, பெண்பள்ளிகளின் ஆய்வாளர் செல்வி லிஞ்சின் முயற்சியால் அரசு துணைநின்றது. கொட்டிவாக்கத்திலிருந்து கடலோரமாக வடக்கே செல்வோர் மெரினாவில் காணும் ஐஸ் ஹவுஸ், ஒருகாலத்தில் அமெரிக்கப் பனிக்கட்டியைச் சேமித்த கட்டடம், அச்சிறுமியரின் விடுதியாயிற்று.

அவ்விடுதி பிராமணக் கைம்பெண்களுக்கு மட்டுமே உரியதாக இருந்தது ஒரு குறையே. அவ்வாறன்றிப் பெற்றோர் அனுப்பியிரார் என்பது காரணமாகலாம். ஆயினும் குறை குறைதான். அருகிருந்த மீனவக் குப்பத்துப் பிள்ளைகளுக்கும் அவர் பள்ளி தொடங்கினார் என்பதையும் உடன் சொல்லவேண்டும்.

1922இல் லேடி வெலிங்டன் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரி தோன்றியபோது, அதன் தலைமையை முதலில் ஏற்றவர் அவரே. விடுதியில் வளர்ந்த பெண்கள் ஆசிரியைகளாயினர். உண்ட சோற்றுக்குக் கைம்மாறாக ஊர் ஊராய்ப் பிற பெண்களுக்கு எழுத்தறிவித்தனர். அவர் நிறுவிய சாரதா வித்யாலயம் இராமகிருஷ்ண மிஷன் பொறுப்பில் தியாகராய நகரில் இன்றும் நடைபெறுகிறது.

பணி ஓய்வுக்குப் பின்னரும் அம்மையார் ஓய்ந்திலர். 1942இல் மயிலாப்பூரில் வித்யா கலா நிலையத்தைத் தொடங்கினார். இடையில் படிப்பை விட்ட வயதுவந்த மகளிர், சமையலறைப் பணி முடித்து அங்கு வந்து பாடம் கேட்டனர்.