நாடு சுற்றும் செலவும் நாட்டார் கேட்கும் கணக்கும்

1867-ஆம் ஆண்டு. துருக்கிச் சுல்தான் அப்துல் அசீஸ் இலண்டன் மாநகருக்கு விருந்தினராக வந்தார். இந்தியா அலுவலக மாளிகையிலே அவருக்குப் பெருவிருந்து, விளக்கொளியில் நடனம், சீமாட்டிகளின் பட்டாடைச் சரசரப்பு! விருந்து வைத்தவன் வெள்ளையன். விருந்து உண்டவர் சுல்தான். விலை கொடுத்தவன் யார்? இந்திய உழவன்! ஆம், அந்தக் கேளிக்கைச் செலவு இந்திய வருவாயின் தலையில் எழுதப்பட்டது. அதற்கு முந்திய ஆண்டிலேதான் ஒரிசாவைப் பஞ்சம் வாட்டியது. ஏறத்தாழப் பத்து இலட்சம் பேர் மாண்டனர். சோறின்றிச் செத்தவன் கணக்கிலே சுல்தானுக்கு விருந்து!

அன்னியன் ஆட்சி, அப்படித்தான் நடக்கும் என்று சொல்லிவிடலாம். அன்னியன் போனான், வாக்குச்சீட்டு வந்தது, ஆளுவோரை நாமே தேர்ந்தெடுக்கிறோம். ஆனால், கொடுப்பவனிடம் கணக்குச் சொல்லவேண்டும் என்ற எண்ணம் ஆளவந்தோர் உள்ளத்தில் வேரூன்றியதா? வரலாற்றைப் புரட்டுவோம்.

1962 பொதுத்தேர்தலில் பூல்பூர்த் தொகுதியில் நேருவிடம் தோற்றவர் இராம் மனோகர் லோகியா. மறு ஆண்டே பரூக்காபாத் இடைத்தேர்தலில் வென்று மக்களவைக்குள் நுழைந்தார். 1963 ஆகஸ்டில், நேரு அமைச்சரவை மீது கிருபளானி கொண்டுவந்த நம்பிக்கையில்லாத் தீர்மானத்தின்போது அவர் எழுந்து பேசினார். பிரதமர் ஒருவருக்காக நாளொன்றுக்கு 25,000 ரூபாய் செலவாகிறது. 27 கோடி மக்களோ நாளொன்றுக்கு மூன்று அணாவில் உயிர் வாழ்கின்றனர் என்பது அவர் வாதம். மூன்று அணா அன்று, பதினைந்து அணா என்று மறுத்தார் நேரு.

நாம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். லோகியாவின் மூன்று அணாவே சரியென்றால், அந்த 25,000 ரூபாய் 1,33,000 பேரின் ஒருநாள் வாழ்வு. நேருவின் பதினைந்து அணாவே சரியென்றாலும், 26,000 பேரின் ஒருநாள் வாழ்வு! தீர்மானம் 62-க்கு 347 என்ற வாக்குக் கணக்கிலே தோற்றது, கேள்வி தோற்கவில்லை.

அரை நூற்றாண்டு கடந்தது. 2014 மே 16-இல் தேர்தல் முடிவு வெளியாயிற்று. தேநீர் விற்ற சிறுவன் நாடாள வந்தார் என்று ஏடுகள் எழுதின. நாமும் மகிழத்தானே வேண்டும்? மே 26-இல் நரேந்திர மோடி பதவியேற்றார். ஜூன் 15-இல் பூட்டானுக்குப் புறப்பட்டார். அவ்வாண்டு முடிவதற்குள் பிரேசில், நேபாளம், ஜப்பான், அமெரிக்கா, மியான்மர், ஆஸ்திரேலியா, பிஜி என்று பயணம் நீண்டது. 2018 டிசம்பரில் மாநிலங்களவையில் அரசு அளித்த விடையின்படி, 48 பயணங்களில் 55-க்கும் மேற்பட்ட நாடுகள்! தனி விமானம், விமானப் பராமரிப்பு, தொலைபேசித் தொடர்பு ஆகியவற்றுக்கு 2,021 கோடி ரூபாய்!

இந்தத் தொகையை வகுப்பறைக் கரும்பலகையில் எழுதினோம். 2021, அதன் பின்னே ஏழு சுழிகள். பின்வரிசைச் சிறுமி ஒருத்தி கேட்டாள்: "சார், இதுக்கெல்லாம் ரசீது இருக்குமா?"

அன்றாடக் கணக்காக மாற்றினால் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒன்றேகால் கோடி. 2018-இல் நூறுநாள் வேலைத்திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு வகுத்த கூலி 224 ரூபாய். ஐம்பத்தையாயிரம் பேர் வெயிலில் நின்று மண் வெட்டிப் பெறும் ஒருநாள் கூலி, ஒருவரின் பயணத்திற்கு ஒருநாள் செலவு!

ஒரு கட்சியை மட்டும் சாடுவது நம் நோக்கமன்று. அதற்கு முந்திய ஐந்தாண்டுகளில், மன்மோகன் சிங் ஆட்சியில், இதே இனங்களுக்கு 1,346 கோடி ரூபாய் செலவானது. குடியரசுத் தலைவராக இருந்த பிரதிபா பாட்டீலின் வெளிநாட்டுப் பயணங்களுக்கு 205 கோடி ரூபாய் என்று 2012-இல் வெளியாயிற்று. கொடி மாறியது, கோலம் மாறவில்லை.

"பயணத்தால் பயன் விளைந்தது" என்பர். 2014-இல் 3,093 கோடி டாலராக இருந்த அந்நிய நேரடி முதலீடு 2017-இல் 4,347 கோடி டாலராக உயர்ந்தது என்று அதே விடையில் அரசு சொன்னது. உயர்ந்தது உண்மை. ஆனால், எந்தப் பயணத்தால் எந்த முதலீடு வந்தது? அதைச் சொன்னால்தானே கணக்கு! சேவல் கூவியபின் பொழுது விடிந்தது என்பதால், சேவலே விடியலைக் கொணர்ந்தது என்போமா?

வெளிநாடு செல்வதே குற்றம் என்போர் அல்லர் நாம். கடல் கடந்தால் சாதி கெடும் என்ற மடமையைச் சாடிய இயக்கம் நம்முடையது. 1931 டிசம்பரில் பெரியார் கப்பலேறினார். எகிப்து, துருக்கி, சோவியத் நாடு, ஜெர்மனி, இங்கிலாந்து எனச் சுற்றி 1932 நவம்பரில் ஈரோடு திரும்பினார். அரசுப் பணத்தில் அன்று! கண்டுவந்ததை மக்கள் முன் வைத்தார். அவ்வாண்டு டிசம்பரிலேயே சமதர்மத்தை வற்புறுத்தும் ஈரோட்டுத் திட்டம் பிறந்தது. பயணம் என்றால் அதற்கொரு பயன் வேண்டும். அப்பயனை மக்களிடம் காட்டவும் வேண்டும்.

எங்கள் திருப்பத்தூர் மாவட்டத்திற்கு இது ஏட்டுச் செய்தியன்று. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பதனிடும் தோலும், தைக்கும் காலணியும் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் செல்கின்றன. விடியுமுன் பேருந்தேறி ஷூ கம்பெனிக்குச் செல்லும் பெண்களின் அடுப்பு, கடல் கடந்த ஆர்டரை நம்பியே எரிகிறது. 2019 தேர்தல் வெற்றிக்குப் பின், செப்டம்பர் 22-இல், ஹூஸ்டன் நகர அரங்கில் ஏறத்தாழ ஐம்பதாயிரம் பேர் ஆர்ப்பரிக்க, பிரதமரும் அமெரிக்க அதிபர் டிரம்ப்பும் கைகோத்து நின்றனர். 2025 பிப்ரவரியில் மீண்டும் அமெரிக்கப் பயணம்; 16 கோடி ரூபாய்க்கு மேல் செலவு. அவ்வாண்டு ஆகஸ்டு 27-இலோ இந்தியப் பொருள்கள்மீது 50 விழுக்காடு வரி பாய்ந்தது!

பயணத்தால் வரி வந்தது என்று நாம் கூறவில்லை. வரி ஏறும், இறங்கும். ஆனால், நட்பின் பெயரால் செலவு எழுதுவோர் அந்த நட்பால் நமக்குக் கிடைத்தது என்ன என்பதையும் எழுதவேண்டாமா? மேடையில் கைகுலுக்கியவர் ஒருவர். வேலை போகுமோ என்று அஞ்சியவள் ஊசியும் நூலுமாய் இருந்த ஆம்பூர்ப் பெண்!

ஆகவே நாம் கேட்பது எளிய ஒன்று. தலைவர் நாடு திரும்பிய ஒரு திங்களுக்குள், சென்ற நோக்கம், உடன் சென்றோர், ஆன செலவு, விளைந்த பயன் ஆகியவற்றை எவரும் கேட்காமலே அவை முன் வைக்கவேண்டும். பிரதமருக்கு மட்டுமன்று, முதலீடு தேடிப் பறக்கும் நம் மாநில முதலமைச்சருக்கும், அவர் எக்கட்சியினராயினும், இதே அளவுகோல்தான். நம்மவர்க்கு ஒரு நீதி, பிறர்க்கு ஒரு நீதி என்பது பகுத்தறிவாகாது.

சுல்தானின் விருந்துக்கு விலை கொடுத்த உழவனுக்குக் கேள்வி கேட்கும் உரிமை இல்லை. நமக்கு உண்டு. பின்வரிசைச் சிறுமியும் நாளை வாக்காளர் ஆவாள். அதற்குள் அவள் கேட்ட ரசீதை ஆளுவோர் எழுதப் பழகட்டும்!