ஒரே கால் இருக்கை



நாலு கால் இருந்தால் நாற்காலி. மூணு கால் இருந்தால் முக்காலி. காரணப்பெயருக்கு நாம் வழக்கமாகச் சொல்லும் எடுத்துக்காட்டுகள் இவை. ஒரே கால் உள்ள இருக்கையைக் கேள்விப்பட்டிருக்கீங்களா? ஆல்ஃபிரட் நோபெல் 1870களில் தொடங்கிய ஸ்காட்லாந்தின் ஆர்டீர் வெடிமருந்துத் தொழிற்சாலையில் அது இருந்தது. உட்கார்ந்திருப்பவர் கண் அசந்தால் கீழே விழுந்துவிடுவார். அதற்காகவே அப்படிச் செய்தார்கள்.

ஏன் இந்தக் கண்டிப்பு? இத்தாலியரான அஸ்கானியோ சொப்ரேரோ 1847இல் நைட்ரோகிளிசரினைக் கண்டுபிடித்தார். நைட்ரிக், சல்ஃபூரிக் அமிலக் கலவையில் கிளிசரினைச் சேர்த்தால் அது உருவாகும். கூடவே வெப்பமும் பிறக்கும். சூடு ஏறினால் வினை வேகமெடுக்கும்; வேகமெடுத்தால் சூடு இன்னும் ஏறும். 1864இல் ஸ்டாக்ஹோமில் நடந்த வெடிவிபத்தில் நோபெலின் தம்பி எமில் உட்படப் பலர் இறந்தார்கள்.

அக்காலத்தில் பெரிய கலனில் மொத்தமாகத் தயாரித்தார்கள். ஒருவர் வெப்பமானியையே பார்த்துக்கொண்டிருப்பார். சூடு வரம்பு தாண்டினால் கலவை முழுவதையும் தண்ணீர்த் தொட்டியில் திறந்துவிட வேண்டும். ஆக, அந்த ஆலையின் கட்டுப்பாட்டுக் கருவி ஒரு தொழிலாளியின் கண்தான்.

உற்பத்தியைக் கூட்ட கலனைப் பெரிதாக்கலாமே என்று மாணவர்கள் கேட்பார்கள். ஒரு கனசதுரத்தின் பக்கத்தை இரண்டு மடங்காக்கச் சொல்லுங்க. கன அளவு 8 மடங்காகும். மேற்பரப்பு 4 மடங்குதான். வெப்பம் பிறப்பது கலவை முழுவதிலும். வெளியேறுவதோ மேற்பரப்பு வழியாக. பெரிதாக்க ஆக்க ஆபத்துதான் கூடும்.

1920களின் பிற்பகுதியில் ஷ்மித்தும் 1930களில் பியாசியும் வேறு வழி காட்டினார்கள். மூலப்பொருள் ஒரு பக்கம் இடைவிடாமல் நுழையும். விளைபொருள் மறுபக்கம் வெளியேறும். எந்த நேரத்திலும் கலனுக்குள் இருப்பது கொஞ்சம்தான். பின்னாளில், சூடு ஏறினால் கருவியே வரத்தை நிறுத்தியது. ஆட்கள் தள்ளி, பாதுகாப்பான அறையில் இருந்தார்கள்.

இன்று மருந்து, வேதிப்பொருள் துறைகளில் வரும் சிறு அலகு ஆலைகளுக்கும் இதே சிந்தனைதான் அடிப்படை. கூடுதல் உற்பத்தி வேண்டுமா? கலனைப் பெரிதாக்காமல், அதே மாதிரி இன்னொரு அலகைப் பக்கத்தில் வைக்கலாம். அல்லது கூடுதல் நேரம் ஓட்டலாம்.

கனசதுரக் கணக்கு முடிந்ததும் மாணவர்களிடம் இதையும் கேட்டுப் பாருங்க: அந்த இருக்கையில் இருந்தவர் கண் அயர்ந்து விபத்து நடந்திருந்தால், குற்றம் அவருடையதா, ஆலையை அப்படி அமைத்தவர்களுடையதா?