இளந்தொண்டனின் பொறுப்புணர்வு: ஹவாயித் தீவுகளில் ஜோசப் எஃப். ஸ்மித், 1854–1857

இளைஞரிடம் ஆன்மப் பொறுப்பை ஒப்புவிப்பது எத்துணை தகும் என்னும் வினா திருச்சபைக்குப் புதிதன்று. எரேமியா தம் இளமையைக் காட்டி அழைப்பினின்று விலக முயன்றதையும், தீமோத்தேயுவின் இளமையைப் பிறர் அசட்டை செய்யக்கூடும் எனப் பவுல் அஞ்சியதையும் நாம் அறிவோம். இவ்வினாவை ஆராய 19ஆம் நூற்றாண்டு வரலாறு நமக்கு ஒரு சான்றைத் தருகிறது. அது நம் சபைகளைச் சார்ந்ததன்று; பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை எனத் தம்மை அழைத்துக்கொள்ளும் மோர்மோன் சபையாரைச் சார்ந்தது. திருமறையோடு மோர்மோன் நூலையும் வேதமாக ஏற்பதிலும், திரித்துவம் பற்றிய போதனையிலும் அவர்கள் நம்மினின்று வேறுபடுகின்றனர். அவ்வேறுபாடு சிறியதன்று. எனினும், ஒரு சிறுவனைக் கடல் கடந்து அனுப்பிப் பிறர் ஆன்மாக்களுக்கு அவனைப் பொறுப்பாக்கியபோது அவன் வாழ்வில் நிகழ்ந்தது யாது என்பதை அறிவது, அருட்பணிக்கு ஆயத்தமாவோர்க்கும் அவர்களை ஆயத்தம் செய்வோர்க்கும் பயன் தரும் என நம்புகிறோம்.

அழைப்பு

ஜோசப் எஃப். ஸ்மித் 1838 நவம்பர் 13 அன்று அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் பிறந்தார். மோர்மோன் சபையை 1830-ல் நிறுவிய ஜோசப் ஸ்மித் இவருக்குச் சிறிய தந்தை. 1844 ஜூன் 27 அன்று கார்த்தேஜ் நகரச் சிறையில் ஒரு கும்பல் அவரையும், இவர் தந்தை ஹைரமையும் சுட்டுக் கொன்றது. அப்போது இவருக்கு வயது ஐந்து. ஒன்பதாம் வயதில் எருதுகள் பூட்டிய வண்டியை ஓட்டிக்கொண்டு, விதவைத் தாயுடன் பரந்த சமவெளிகளைக் கடந்து 1848-ல் சால்ட் லேக் பள்ளத்தாக்கை அடைந்தார். 1852-ல் தாயும் இறந்தார். பின்னர், தங்கையைத் தண்டிக்க முற்பட்ட பள்ளி ஆசிரியரோடு கைகலந்ததால் பள்ளியினின்று நீக்கப்பட்டார். அதன்பின் சில காலத்துக்குள், 1854 ஏப்ரலில் கூடிய சபை மாநாட்டில், அருட்பணிக்கு அழைக்கப்பட்டோருள் ஒருவராக இவர் அறிவிக்கப்பட்டார். வயது 15.

பெற்றோரை இழந்து, முன்கோபமும் மிகுந்திருந்த ஒரு சிறுவனுக்கு இறையியற் கல்லூரியும் இல்லை, ஊதியமும் இல்லை. கலிபோர்னியாவில் கூலி வேலை செய்தே கப்பற் கட்டணத்துக்குப் பொருள் ஈட்டினார். 1854 செப்டம்பர் 27 அன்று ஹொனலூலுவில் இறங்கினார். இந்நிலையில் அவரிடம் இருந்ததைப் பொறுப்புணர்வு என்பதினும் கீழ்ப்படிதல் என்பதே பொருந்தும். அழைப்பு ஒரே நாளில் வந்தது. பொறுப்புணர்வு அவ்வாறு வரவில்லை.

மொழியும் மக்களும்

ஹவாயி மக்களிடம் திருமறை அதற்கு முன்பே சென்றிருந்தது. 1820-ல் அங்கு வந்த அமெரிக்கப் புராட்டஸ்டண்டு மிஷனெரிகள் அம்மொழிக்கு எழுத்து வடிவம் தந்து, 1839-க்குள் முழுத் திருமறையையும் மொழிபெயர்த்து முடித்தனர், பள்ளிகளையும் நிறுவினர். 1850 டிசம்பரில் மோர்மோன் தொண்டர் பத்துப்பேர் வந்தனர். வெள்ளையரிடையே ஊழியம் செய்யலாம் என்று எண்ணி வந்தவர்கள், அவர்கள் தொகை மிகக் குறைவு எனக் கண்டபோது, சிலர் ஊர் திரும்பினர். 23 வயதான ஜார்ஜ் க்யூ. கேனன், மக்களின் மொழியைக் கற்பேன் என உறுதிபூண்டு தங்கினார். மாவி தீவின் வைலுக்கு என்னும் ஊரில் நீதிபதியாக இருந்த ஜொனாதனா நாபேலா அவருக்குத் துணை நின்றார். இந்த நாபேலா கல்வி பெற்றது லஹைனாலுனாவில் இருந்த புராட்டஸ்டண்டுக் கல்விச்சாலையில் என்பது நோக்கத்தக்கது. ஒருவர் விதைத்த நிலத்தில் வேறொருவர் அறுத்தார்.

இதே காலத்தில் மோர்மோன் தொண்டர் நம் சென்னைக்கும் வந்தனர். 1853-ல் வந்த ரிச்சர்ட் பாலன்டைன் ஓராண்டளவே இங்கிருந்தார். அவர் ஊழியம் பெரும்பாலும் ஆங்கிலம் அறிந்தோரிடையே நடந்தது. தமிழ் மக்களிடையே வேர்கொள்ளவில்லை. இரண்டையும் ஒப்பிடுவோர்க்கு மொழியின் இடம் தெளிவாக விளங்கும்.

சிறுவன் ஸ்மித், மாவி தீவில் ஹலேயாக்கலா மலைச்சரிவிலுள்ள கூலாவுக்கு அனுப்பப்பட்டார். தீவுகளில் ஊழியம் செய்த நாள்களில் ஒருமுறை கடுமையாக நோயுற்றார். பேணுவாரில்லாத அந்நிலையில், மா மஹூஹீ என்னும் ஹவாயிப் பெண் தன் பிள்ளையைப்போல் அவரைப் பேணினார். ஏறத்தாழ 100 நாள்களில் அவர் அம்மொழியில் பேசக் கற்றார். 16 வயதில் மாவி தீவுச் சபைகளின் மேற்பார்வையும் அவரிடம் ஒப்புவிக்கப்பட்டது. ஊழியம் செய்ய வந்தவரே ஊழியம் பெற்றார் என்பதே இவ்வரலாற்றின் திறவுகோல் எனலாம்.

தீயும் கனவும்

1856-ல் லனாய் தீவில் நேர்ந்த தீவிபத்தில் அவருடைய உடைகள், நூல்கள், அதுவரை எழுதிய நாட்குறிப்புகள் யாவும் எரிந்தன. சில காலம் அவரும் உடன் ஊழியர் ஒருவரும் ஒரே உடையை மாற்றி மாற்றி அணிந்தனர் என்றும், ஒருவர் ஆராதனைக்குச் செல்கையில் மற்றவர் படுக்கையிலேயே இருக்க நேர்ந்தது என்றும் கூறுவர்.

வறுமையும் தனிமையும் நெருக்கிய அந்நாள்களில் தாம் கண்ட ஒரு கனவைப் பிற்காலத்தில் அவர் எடுத்துரைத்தார். அக்கனவில் அவர் விரைந்து பயணம் செல்கிறார். ஒரு மாளிகையை அடைந்து, நீராடித் தூய வெள்ளுடை அணிந்தபின் உள்ளே நுழைகிறார். கொல்லப்பட்ட சிறிய தந்தை அவரை நோக்கி, காலந்தாழ்ந்து வந்தாய் என்கிறார். தாழ்ந்தது உண்மை, ஆயினும் தூய்மையாக வந்துள்ளேன் என்று இவர் விடையளிக்கிறார். அன்றுமுதல் தாம் சிறுவன் அல்லர் என உணர்ந்ததாக அவர் சொன்னார். கனவுகளுக்கு அச்சபையார் தரும் இடத்தை நாம் தருவதில்லை. ஆயினும் ஓர் இளைஞனின் மனச்சான்று விழித்தெழுந்ததை இதில் காணத் தவற மாட்டோம். எத்தனை பேருக்குத் திருமுழுக்குத் தந்தாய் என்ற கேள்வி அக்கனவில் எழவில்லை. எந்நிலையில் வந்தாய் என்பதற்கே அவர் விடையளிக்க வேண்டியிருந்தது.

கடிந்த சொல்

இவ்வரலாற்றின் மறுபக்கத்தை மறைப்பது நேர்மையாகாது. எஞ்சியுள்ள 1856–1857 ஆண்டுகளின் நாட்குறிப்புகள் 2011-ல் நூலாக வெளிவந்தன. அவற்றில் மக்களின் உணவு, தூய்மை, விசுவாசத் தளர்ச்சி ஆகியவற்றைப் பற்றிக் கசந்த சொற்கள் உள்ளன. பிறர் ஆன்மாக்களுக்குக் கணக்கு ஒப்புவிக்க வேண்டியவன் என்ற எண்ணம், அவர்களையே குற்றஞ்சாட்டும் மனநிலையாக மாறக்கூடும். அம்மக்களோ பெருந்துயருற்றவர்கள். வெளியாரால் பரவிய நோய்கள் பல பத்தாண்டுகளாக அவர்களை அழித்துவந்தன. 1853-ன் பெரியம்மை மட்டுமே ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. 1848 முதல் நிகழ்ந்த நிலப் பங்கீட்டில் எளியோர் பலர் நிலமற்றோராயினர். அவர்களிடம் அவர் கண்ட சோர்வை ஆன்மக் குறையாக மட்டுமே கொள்வது நீதியாகாது. எசேக்கியேல் கூறும் காவற்காரன் எக்காளம் ஊதக் கடமைப்பட்டவன்; நகரத்தாரை இகழும் உரிமை அவனுக்கு இல்லை.

கடன்

1857 அக்டோபரில், 19 வயது நிரம்பாத நிலையில், ஸ்மித் தாயகம் புறப்பட்டார். 1901 முதல் 1918-ல் மறையும்வரை அச்சபையின் தலைவராக இருந்தார். பலதார மணம் காரணமாக 1906-ல் நீதிமன்றம் அவருக்கு அபராதம் விதித்தது. ஆகவே அவரை நாம் முழுமையான முன்மாதிரியாக முன்வைக்கவில்லை. ஆயினும் முதுமையில் அவர் ஹவாயிக்குச் சென்றபோது நிகழ்ந்த ஒன்றை அவருடன் சென்ற சார்ல்ஸ் டபிள்யூ. நிப்லி பதிவு செய்துள்ளார். தொண்ணூறு வயதளவில் பார்வையிழந்த ஒரு மூதாட்டி, நல்ல வாழைப்பழங்கள் சிலவற்றைக் கையில் ஏந்தி, ‘இயோசேபா’ என்று அவரைப் பெயர்சொல்லி அழைத்துக்கொண்டு வந்தார். சபைத் தலைவர் ஓடிச் சென்று அவரைத் தழுவி ‘அம்மா’ என்று அழைத்தார். நோயுற்ற சிறுவனைப் பேணிய அதே மா மஹூஹீ அவர்.

கிரேக்கருக்கும் மற்றவர்க்கும் தாம் கடனாளி எனப் பவுல் ரோமருக்கு எழுதினார். கடன் என்பது பெற்றுக்கொண்டவனுக்கே உரியது. சிறுவன் ஸ்மித் தம் மக்களுக்குக் கொடுப்பவராக மட்டும் தம்மை எண்ணியபோது நாட்குறிப்பில் கசந்து எழுதினார்; அவர்களிடம் தாம் பெற்றதை நினைவுகூர்ந்தபோது முதியவராயிருந்தும் ஓடினார். ஆன்மப் பொறுப்பு, நன்றியில் வேரூன்றாவிடின் ஆணவமாகத் திரியும்.

இன்றும் மோர்மோன் சபை தன் இளைஞரை இருவர் இருவராக அனுப்பிவருகிறது; 2012 முதல் ஆண்கள் 18 வயதிலேயே செல்லலாம். நம் சபைகளும் இளைஞரைச் சிற்றூர்களுக்கும் அயல் மாநிலங்களுக்கும் அனுப்புகின்றன. அவர்கள் வயதை எண்ணி நாம் அஞ்ச வேண்டியதில்லை. அவர்களைத் தனியே விடாதிருப்போமாக. சேர்ந்த இடத்தின் மொழியை முதலில் கற்கச் செய்வோமாக. போதிப்பதற்கு முன் அம்மக்கள் கையால் உண்ணவும், அவர்களால் பேணப்படவும் கூசாதிருக்கப் பழக்குவோமாக. தாம் யாருக்குக் கடன்பட்டோம் என்பதை அறிந்த தொண்டனே, தன்னிடம் ஒப்புவிக்கப்பட்டோரைக் குறித்துக் கடவுளுக்குமுன் கணக்கு ஒப்புவிக்கத் தகுதி பெறுகிறான்.