ஒரு கட்டளை நடந்த தூரம்

சனிக்கிழமை விடிவதற்குள் திருநள்ளாறில் நள தீர்த்தத்தின் படிகள் நிறைந்துவிடும். எண்ணெய் தேய்த்து முழுகிவிட்டு, தர்ப்பாரண்யேஸ்வரர் கோயிலில் சனீஸ்வரர் சன்னிதிக்கு வரிசை கட்டுகிறார்கள். இங்கிருந்து காரைக்கால் போய், கடலோரமாக வடக்கே திரும்பினால் தரங்கம்பாடி. இரண்டு ஊர்களையும் சேர்த்து நினைக்க வைப்பது ஒரு சொல். எபிரேய மொழியில் சனிக்கோளுக்குப் பெயர் ஷப்தாய். ஏழாம் நாளுக்குப் பெயர் ஷப்பாத். மோசேயின் பத்துக் கட்டளைகளில் ஓய்வுநாள் கட்டளை சனிக்கிழமைக்கு உரியது. தமிழ்க் கரையில் வந்து இறங்கும்போது அது ஞாயிற்றுக்கிழமைக்கு மாறியிருந்தது.

இயேசு உயிர்த்தெழுந்த நாள் என்பதால் வாரத்தின் முதல் நாளில் கூடும் வழக்கம் ஆதிச் சபையிலேயே உண்டு. 321இல் ரோமப் பேரரசன் கான்ஸ்டன்டைன் ஞாயிற்றை அரசு ஓய்வுநாளாக்கினான். 1540களில் முத்துக்குளித்துறைக்கு வந்த சவேரியார், கட்டளைகளைத் தமிழில் பெயர்க்கச் செய்து, ஞாயிறுதோறும் மக்களைக் கூட்டி வாய்விட்டுச் சொல்ல வைத்தார்.

டேனியர் ஆண்ட தரங்கம்பாடிக்கு அந்தக் கட்டளை வந்த விதம் என்னை நெடுநாளாக உறுத்துகிறது. 1706 ஜூலையில் லுத்தரன் மிஷனரி சீகன்பால்க் கரையிறங்கினார். 1707 மே மாதம் அவரிடம் முதலில் திருமுழுக்குப் பெற்ற ஐந்து பேரும் டேனியர் வீடுகளில் இருந்த அடிமைகள். அவர்கள் மனப்பாடம் செய்தது லுத்தரின் சிறிய ஞானோபதேசம். அதில் ஓய்வுநாள் கட்டளை ஒரே வரிதான். தேவ வசனத்தை அசட்டை செய்யாமல் மனமுவந்து கேட்கவேண்டும் என்பது அதன் விளக்கம். முழுக் கட்டளையோ நீளமானது. உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் மாடும் உன் ஊரில் தங்கிய அந்நியனும் உன்னைப் போலவே இளைப்பாற வேண்டும் என்கிறது உபாகமம். நீயும் எகிப்தில் அடிமையாக இருந்தாயே என்று காரணமும் சொல்கிறது. அடிமைகளுக்குக் கற்பித்த பாடத்தில் அடிமைகளைப் பற்றிய பகுதியே இல்லை! எவரும் வேண்டுமென்று மறைத்ததல்ல. மனப்பாடத்துக்காகச் சுருக்கியபோது விழுந்துவிட்டது. சீகன்பால்க் 1719இல் இறப்பதற்குள் பழைய ஏற்பாட்டை ரூத் வரை தமிழாக்கிவிட்டார். ஆகவே அந்தப் பகுதியும் அவர் கையாலேயே தமிழுக்கு வந்தது. ஆனால் புத்தகத்துக்குள் இருப்பது ஒன்று, நாவில் இருப்பது வேறொன்று.

கத்தோலிக்கரும் லுத்தரன்மாரும் இதை மூன்றாம் கட்டளை என்பார்கள், தென்னிந்தியத் திருச்சபையார் (சி.எஸ்.ஐ.) நான்காம் கட்டளை என்பார்கள். எண் மாறினாலும் கிழமை ஞாயிறுதான்.

அந்தக் கிழமையைக் கேள்வி கேட்ட தமிழர் ஒருவர் உண்டு. திருநெல்வேலிச் சீமையின் நாசரேத்தில் ஆங்கிலிக்கன் மிஷனில் உபதேசியாராக இருந்த அருமைநாயகம் என்ற சட்டாம்பிள்ளை. மிஷனரியோடு முரண்பட்டு வேலையை இழந்தவர். தன் நாடார் சமூகத்தைப் பற்றி மிஷனரி கால்டுவெல் 1849இல் எழுதிய நூல் அவரைக் கொதிக்க வைத்தது. 1857இல் பிரகாசபுரத்தில் இந்து கிறிஸ்தவ ஏகரட்சகர் சபையைத் தொடங்கினார். வெள்ளைக்காரக் குருமார் இல்லை. ஓய்வுநாள் சனிக்கிழமை. பழைய ஏற்பாட்டில் உள்ளபடி அமாவாசையை ஆசரித்தார்கள், தூபம் காட்டினார்கள், தரையில் விழுந்து வணங்கினார்கள். ஐரோப்பியர் கொண்டுவந்ததில் வேதம் எவ்வளவு, அவர்கள் நாட்டு வழக்கம் எவ்வளவு என்று அவர் பிரித்துப் பார்த்தார். மோசேயின் சட்டத்தில் தன் ஊரின் சாயலைக் கண்டார். அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏழாம் நாள் அட்வென்டிஸ்டுகள் தமிழகத்தில் முதலில் வேர்பிடித்ததும் இந்தப் பிரகாசபுரத்தில்தான்.

சட்டாம்பிள்ளையின் துணிவை மதிக்கிறேன். அவருடைய முடிவு எனக்கு ஏற்புடையதல்ல. யூதரல்லாதார் மீது நியாயப்பிரமாணத்தின் சுமையை ஏற்ற வேண்டாம் என்று எருசலேமில் கூடிய அப்போஸ்தலர்கள் தீர்மானித்தார்கள். ஓய்வுநாளைக் குறித்து ஒருவரும் உங்களைக் குற்றப்படுத்த இடம் கொடாதீர்கள் என்ற பொருளில் பவுல் கொலோசெயருக்கு எழுதினார். கிழமையில் கிறிஸ்தவனுக்கு விடுதலை உண்டு. ஆனால் வேலைக்காரியைப் பற்றிய பகுதியிலிருந்தும் விடுதலை உண்டு என்று பவுல் எங்கும் எழுதவில்லை. கூலியை நிறுத்திவைக்கிறவனை யாக்கோபின் நிருபம் கண்டிக்கிற வேகத்தைப் பார்த்தால் மோசேயின் குரல் அப்படியே கேட்கும்.

திருநள்ளாறில் சனிக்கிழமைதான் விடுதிகளில் பாத்திரம் தேய்ப்பவர்களுக்கும் விரிப்பு துவைப்பவர்களுக்கும் முதுகு ஒடியும் நாள். மறுநாள் காலை காரைக்காலில் தேவாலய மணி அடிக்கும். நாங்கள் தேய்த்த உடுப்போடு ஆராதனைக்குப் போவோம். அந்த உடுப்பைத் தேய்த்துக் கொடுத்தவர், திரும்பி வந்தால் உண்ணச் சோறு வடித்து வைத்திருப்பவர், அவருக்கு எந்தக் கிழமை விடுப்பு என்று எங்கள் வீடுகளில் கேட்டுப் பார்க்கிறேன். பல வீடுகளில் யோசித்துவிட்டுத்தான் பதில் சொல்கிறார்கள்.