ஒரு மார்மைட் போத்தலும் ஒரு சின்ன விற்றமின் குளிசையும்

மிசிசாகாவில் எந்த பார்மசிக்குள் போனாலும் விற்றமின் தட்டில் ஃபோலிக் அமிலம் இருக்கும். விலையும் அதிகமில்லை. பிள்ளை பெற நினைக்கும் பெண்களுக்குப் பார்மசிஸ்ட் சொல்வது ஒரே வரிதான்: "கர்ப்பம் தரிக்கும்வரை காத்திருக்காதீர்கள், இப்போதே தொடங்குங்கள்." இந்த ஒரு வரிக்குப் பின்னால் எழுபது வருடக் கதை ஒன்று இருக்கிறது. அதன் முதல் பாதி நடந்தது நம் ஊர்ப் பக்கம்தான்.

பம்பாய் ஆலைப் பெண்கள்

1928இல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய வைத்தியர் பம்பாய்க்கு வந்தார். அங்கே துணி ஆலைகளில் வேலை செய்த பெண்களுக்குக் கர்ப்ப காலத்தில் கடுமையான இரத்தச் சோகை வந்து, பலர் இறந்துகொண்டிருந்தார்கள். முதலில் கிருமிதான் காரணமோ என்று தேடிய வில்ஸ், பிறகு அவர்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று பார்த்தார். நல்ல சாப்பாடு கிடைக்காத வீடுகளில்தான் நோய் அதிகமாக இருந்தது.

1929இல் சில மாதங்கள் நீலகிரியிலுள்ள குன்னூர் பாஸ்டர் நிறுவனத்திலும், 1931இல் சென்னை கோஷா ஆஸ்பத்திரியிலும் அவர் வேலை செய்தார். திருவல்லிக்கேணியில் இன்று கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை என்று இருப்பது அதுதான். அந்தக் காலத்தில் இரத்தச் சோகைக்கு ஈரல்தான் மருந்து. ஏழைகளுக்கு அது கட்டுப்படியாகாது. வில்ஸ் அதற்குப் பதிலாகக் கொடுத்துப் பார்த்தது மார்மைட்! பியர் காய்ச்சியபின் மிஞ்சும் ஈஸ்டிலிருந்து எடுக்கும் அதே கறுப்புக் களிதான். முதலில் விலங்குகளிலும் பிறகு பெண்களிலும் அது வேலை செய்தது. 1931இல் அந்த முடிவை அவர் வெளியிட்டார். மார்மைட்டுக்குள் இருக்கும் அந்தப் பொருள் என்னவென்று யாருக்கும் தெரியாததால் அதை 'வில்ஸ் காரணி' என்றார்கள்.

இலங்கையிலும் மார்மைட்டுக்கு ஒரு வரலாறு உண்டு. 1934–35 மலேரியாக் கொள்ளைநோயின்போது சூரியமல் இயக்கத் தொண்டர்கள் சத்துக் குறைந்தவர்களுக்கு அதைக் கொடுத்தார்கள். அடுத்த முறை அம்மம்மா சுடுதண்ணீரில் மார்மைட் கரைத்துத் தந்தால் முகம் சுளிக்காமல் குடியுங்கள்.

கதர் போட்ட மாணவர்

1941இல் அமெரிக்காவில் பசளிக் கீரையிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார்கள். இலைக்கான லத்தீன் சொல்லிலிருந்து அதற்கு ஃபோலிக் அமிலம் என்று பெயர் வந்தது. வில்ஸ் பத்து வருடம் முன்பு பார்த்தது இதைத்தான். ஆனால் கீரையிலிருந்து ஊருக்கெல்லாம் மருந்து எடுக்க முடியாது. அதைச் செயற்கையாகச் செய்தால்தான் உண்டு.

அதை 1945இல் செய்து முடித்தது அமெரிக்காவின் லெடர்லி ஆய்வுகூடம். குழுவின் தலைவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். 1895இல் பீமாவரத்தில் பிறந்த தெலுங்கர். படித்தது திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும் சென்னை மருத்துவக் கல்லூரியிலும். காந்தியின் சொல் கேட்டுக் கதர் அணிந்ததால் ஒரு பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். கிடைக்காமல் அதற்குக் கீழான எல்.எம்.எஸ். பட்டத்தோடு வெளியே வந்தார். ஸ்ப்ரூ என்ற குடல்நோய்க்குச் சொந்தச் சகோதரரைப் பறிகொடுத்தவர் அவர். ஃபோலிக் அமிலம் பின்னாளில் அந்த நோய்க்கும் மருந்தானது.

மாவுக்குள் வந்த மருந்து

கருவிலிருக்கும் குழந்தையின் மூளையும் முதுகுத் தண்டும் உருவாகும் நரம்புக் குழாய், கருத்தரித்து ஏறத்தாழ 28 நாட்களில் மூடிவிடும். அப்போது பல பெண்களுக்குக் கர்ப்பம் என்றே தெரியாது. அது சரியாக மூடாவிட்டால் குழந்தை இறக்கலாம், அல்லது வாழ்நாள் முழுக்க நடக்கச் சிரமப்படலாம். ஏற்கெனவே இப்படி ஒரு குழந்தை பிறந்த பெண்களை வைத்து, கனடா உட்பட 7 நாடுகளில் ஓர் ஆய்வு நடந்தது. முன்கூட்டியே ஃபோலிக் அமிலம் எடுத்தால் ஆபத்து 72 சதவீதம் குறைகிறது என்று 1991இல் தெரியவந்தது.

தெரியாமலே தேவைப்படும் மருந்தை எப்படிக் கொடுப்பது? கனடா 1998 நவம்பரிலிருந்து வெள்ளைக் கோதுமை மாவில் அதைச் சேர்ப்பதைக் கட்டாயமாக்கியது. ஏழு மாகாணங்களில் பார்த்தபோது இந்தக் குறைபாடு 46 சதவீதம் குறைந்திருந்தது.

இங்கேதான் நம் வீடுகள் கவனிக்க வேண்டிய இடம் வருகிறது. சட்டம் பாண் சாப்பிடும் நாட்டை மனதில் வைத்து எழுதப்பட்டது. கனடா வெள்ளை மாவை அவித்துச் செய்த புட்டில் ஃபோலிக் அமிலம் இருக்கும். ஆனால் அரிசிக்கு அந்தக் கட்டாயம் இல்லை. மூன்று வேளையும் சோறு, இடியப்பம், சிவப்பரிசிமாப் புட்டு என்று சாப்பிடும் வீட்டுக்கு அந்தப் பாதுகாப்பு போய்ச் சேராது. சப்பாத்தி மாவு வாங்கினால் பையின் பின்பக்கத்தை வாசித்துப் பாருங்கள். பருப்பு, உளுந்து, கடலை, கீரை எல்லாவற்றிலும் இயற்கையாகவே ஃபோலேட் உண்டு. ஆனால் கீரையை அவித்துத் தண்ணீரை ஊற்றிவிட்டால் அதில் ஒரு பங்கு போய்விடும்.

அதனால்தான் கர்ப்பம் தரிக்கக்கூடிய பெண்கள் தினமும் 0.4 மில்லிகிராம் ஃபோலிக் அமிலம் உள்ள மல்ரிவிற்றமின் எடுக்கும்படி கனடா சுகாதாரத் திணைக்களம் சொல்கிறது. கர்ப்பத்துக்கு மூன்று மாதம் முன்பாவது தொடங்க வேண்டும். நீங்கள் சைவம் என்றால் பார்மசிஸ்டிடம் அதையும் சொல்லுங்கள். பி12 குறைவாக இருந்தால் ஃபோலிக் அமிலம் அதை வெளியே தெரியாமல் மறைத்துவிடலாம்.

பார்மசியில் கேள்வி கேட்கக் காசில்லை. அக்காவுக்கோ மச்சாளுக்கோ கல்யாணம் பேசுகிறார்கள் என்றால் இதைச் சொல்லிவிடுங்கள்.