உத்திரமேரூர் ஏரியும் ஊர்ச்சபையும்

உத்திரமேரூர் என்றவுடன் குடவோலை முறை நினைவிற்கு வருதல் இயல்பு. ஆயின் அம்முறைக்கு அடிநிலையாய் நின்றது நிலமும் நீருமேயாகும். அவ்வுண்மையை ஈண்டு ஆராய்வாம்.

இவ்வூர் எட்டாம் நூற்றாண்டில், பல்லவர் ஆட்சியில், பிரமதேயமாக அமைக்கப்பெற்றது. வானம் பார்த்த இந்நிலப்பகுதியில் பயிர்த்தொழிலுக்கு உயிராய் அமைந்தது வயிரமேக தடாகம் என்னும் ஏரி. அதில் படியும் வண்டலை அகற்றுதற்கு அறமாகப் பொன் அளிக்கப்பெற்றது. சபை அதனைப் பெற்று அப்பணியை நடத்திற்று என்பது கல்வெட்டுக்களால் விளங்கும்.

வைகுந்தப் பெருமாள் கோயிலிலுள்ள முதற் பராந்தகனின் 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுக்கள் வாரியத் தேர்தல் விதிகளைக் கூறுகின்றன. ஊர் 30 குடும்புகளாகப் பகுக்கப்பெற்றிருந்தது. பின்னைய விதிப்படி, சம்வற்சர வாரியத்திற்குப் பன்னிருவரும், தோட்ட வாரியத்திற்குப் பன்னிருவரும், ஏரி வாரியத்திற்கு அறுவரும் தேர்ந்தெடுக்கப்பெற்று 360 நாள் பணியாற்றினர். ஏரிக்கெனத் தனி வாரியம் இருந்தமை அதன் இன்றியமையாமையைப் புலப்படுத்தும்.

எனினும், ஓலையில் பெயர் எழுதப்பெறுதற்குக் கால் வேலிக்கு மேற்பட்ட இறைநிலமும், சொந்த மனையில் வீடும், 35க்கு மேல் 70க்குட்பட்ட அகவையும், வேதக்கல்வியும் வேண்டும். மறைப்புலமை மிக்கார்க்கு அரைக்கால் நிலமே போதியதாயிற்று. ஆகவே, ஏரிநீரைப் பாய்ச்சி ஏர் பிடித்த உழுகுடிகள் அக்குடத்திற்குப் புறம்பே நின்றனர் என்பது தெளிவு.

இதனை மக்களாட்சி என்று வாளா புகழ்தல் பொருந்தாது. ஏரி காத்த சபையின் திறத்தைப் போற்றுங்கால், அவ்வேரியின் வண்டலைச் சுமந்தோர்க்கு அவ்விதிகளில் இடமின்மையையும் ஆய்வாளர் உடன் எண்ணுதல் வேண்டும்.