மரைன் என்னும் பெயரும் மரைன் பணியும்: பரங்கிமலை அதிகாரிகள் பயிற்சிப் பள்ளியின் முன்னாள் மாணவர்களைத் தேடும் முறை

ஆய்வுச் சுருக்கம்

அனகாபுத்தூர், பல்லாவரம், பரங்கிமலை ஆகிய ஊர்களை உள்ளடக்கிய தென்சென்னைப் புறநகரின் வரலாற்றை எழுதுவோர், பரங்கிமலையில் பயின்ற இராணுவ அதிகாரிகளுள் மரைன் பணியாற்றியவர் எவர் என்னும் வினாவை எதிர்கொள்கின்றனர். இந்தியத் தரைப்படையில் மரைன் என்னும் தனிப்படை இல்லை. ஆதலால் பெயரைக் கொண்டு தேடினால் ஒருவரும் அகப்படார். பணியைக் கொண்டு தேடினால் பலர் அகப்படுவர். கம்பெனிக் காலச் சென்னைப் படையையும் 1963க்குப் பிந்தைய பரங்கிமலைப் பள்ளியையும் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை இத்தேடலுக்குரிய முறையை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: பரங்கிமலை, அனகாபுத்தூர், சென்னைப் படை, மரைன், ஈரூடகப் படை, அரசிதழ், பரமேஸ்வரன்.

முன்னுரை

அனகாபுத்தூரைத் தொட்டுச் செல்லும் அடையாறு நந்தம்பாக்கத்தை அடையும்போது அதன் தென்புறத்தில் பரங்கிமலை நிற்கிறது. மலையடியில் கம்பெனியின் சென்னைப் பீரங்கிப் படை தலைமையிடம் கொண்டிருந்தது; அருகே பல்லாவரம் பாளையம் உருவாயிற்று. இன்று அதே நிலப்பரப்பில் அதிகாரிகள் பயிற்சி அகாதெமி இயங்குகிறது. 2021இல் உருவான தாம்பரம் மாநகராட்சிக்குள் அனகாபுத்தூர் அடங்கிவிட்ட பின்பு, இப்பகுதியின் ஊர் வரலாறுகளை எழுதும் ஆர்வம் பெருகியிருக்கிறது. தறியும் தோல் பதனிடலும் இவ்வரலாறுகளில் உரிய இடம் பெறுகின்றன. இராணுவமோ பெரும்பாலும் ஒரு பத்தியில் முடிந்துவிடுகிறது. அப்பத்தியிலும் பெயர்ப்பட்டியல் மிகுதி. பணி வரலாறு குறைவு.

சொல்லில் தொடங்கும் சிக்கல்

கப்பலில் சென்று கரையில் இறங்கிப் போரிடும் காலாட்படை வீரரே மரைன். இவரைத் தமிழ் நாளிதழ்கள் பெரும்பாலும் 'கடற்படை வீரர்' என்றே எழுதுகின்றன. இதனால் கப்பலைச் செலுத்துபவருக்கும் கப்பலிலிருந்து இறங்கிப் போரிடுபவருக்கும் இடையிலுள்ள வேறுபாடு அழிந்துவிடுகிறது. ஈழத்து இதழியல் வழக்கில் வேரூன்றிய 'ஈரூடகப் படை', 'தரையிறக்கம்' என்னும் சொற்கள் இவ்விடத்தில் துல்லியமானவை. தமிழக ஆய்வாளர்கள் இவற்றைத் தயக்கமின்றி எடுத்தாளலாம்.

பேச்சு வழக்கு வேறொரு குழப்பத்தை உண்டாக்குகிறது. பல்லாவரம், தாம்பரம் வட்டாரத்தில் ஒருவர் "எங்கள் பையன் மரைனில் இருக்கிறான்" என்றால், அவன் வணிகக் கப்பலில் பொறியாளராக இருக்கிறான் என்பதே பொருள். 'மரைன் போலீஸ்' என்றால் கடலோரப் பாதுகாப்புக் குழுமக் காவலர். வாய்மொழித் தரவு திரட்டும் மாணவர் இதை அறியாமல் "உங்கள் குடும்பத்தில் மரைன் யாரேனும் உண்டா?" என்று கேட்பாராயின், கிடைக்கும் விடைகள் அனைத்தும் உண்மையாயிருக்கும், ஒன்றேனும் அவருக்குப் பயன்படாது.

மூன்றாவது குழப்பம் படைத்துறைக்குள்ளேயே உள்ளது. 1987 பிப்ரவரியில் இந்தியக் கடற்படை அமைத்த சிறப்புப் படை, பின்னர் 'மார்கோஸ்' எனப் புகழ்பெற்றது. அதன் பெயரில் மரைன் என்னும் சொல் இருப்பதால் பரங்கிமலை முன்னாள் மாணவரை அங்கே தேடுவோர் உண்டு. பரங்கிமலைப் பள்ளி தரைப்படைக்கு அதிகாரிகளை உருவாக்கும் நிறுவனம். மார்கோஸ் அதிகாரிகளோ கடற்படையின் பயிற்சி நிறுவனங்கள் வழியாக வருபவர்கள். தேட வேண்டிய இடம் அதுவன்று.

கம்பெனிக் காலம்: பம்பாயில் பெயர், சென்னையில் பணி

கம்பெனியின் மூன்று மாகாணப் படைகளுள் பம்பாய்ப் படையில் மட்டுமே 'மரைன் பட்டாலியன்' என்னும் பெயர் நிலைபெற்றது. கம்பெனியின் கப்பல்களில் காவற்பணி செய்த சிப்பாய்களைக் கொண்ட இப்பட்டாலியன் 1903இல் 121-ஆவது பயனியர்ஸ் என எண் மாற்றம் பெற்றது. ஆகவே பம்பாய் மரைன் அதிகாரியைத் தேடுவோர் படைப்பட்டியலில் ஒரு பக்கத்தைப் புரட்டினால் போதும்.

சென்னைப் படைக்கு அத்தகைய பெயர் இல்லை. ஆயினும் கடல் கடந்த படையெடுப்புகளில் அதன் பங்கு பெரிது. 1762இல் மணிலாவைக் கைப்பற்றச் சென்னையிலிருந்து புறப்பட்ட படையில், பிரித்தானிய மரைன்களோடு சென்னைச் சிப்பாய்களும் இருந்தனர். 1810இல் மொரீசியஸ், 1811இல் ஜாவா, 1824இல் ரங்கூன் எனத் தொடர்ந்த தரையிறக்கங்களிலும் சென்னைப் படையினர் கலந்துகொண்டனர். அதே 1824இல், பர்மாப் போருக்குப் புறப்பட மறுத்த வங்காளச் சிப்பாய்கள் பாரக்பூரில் சுடப்பட்டனர். அந்த மறுப்பிற்குக் கடற்பயண அச்சம் மட்டுமே காரணம் என்பது எளிமைப்படுத்தல். சுமை மாடுகளுக்கான செலவும் அதில் கலந்திருந்தது. எனினும் ஒன்று தெளிவு. வங்காளத்தில் கடல் கடத்தல் ஒரு நெருக்கடியாயிற்று. சென்னையில் அது வழக்கமான பணியாயிற்று. வழக்கமான பணிக்குத் தனிப்பெயர் இடுவார் இலர். சென்னையின் 'மரைன்கள்' ஆவணத்தில் மறைந்ததற்கு இதுவே முதற்காரணம் என்பது இக்கட்டுரையின் கருத்து.

பெயருடையவரும் பெயரற்றவரும் ஒரே களத்தில் நின்ற நிகழ்வு ஒன்று உண்டு. முதலாம் அபினிப் போரில், 1841 மே 30 அன்று, குவாங்சௌ நகருக்கு வடக்கேயுள்ள சான்யுவான்லியில் சீனக் கிராம மக்கள் திரண்டு பிரித்தானியப் படையை எதிர்த்தனர். அப்போது பெருமழை பிடித்தது. சென்னையின் 37-ஆவது காலாட்படை ரெஜிமென்டின் ஒரு கம்பெனி, லெப்டினன்ட் ஹாட்ஃபீல்டின் தலைமையில், மற்ற படையிலிருந்து பிரிந்து சூழப்பட்டது. சிப்பாய்களிடம் இருந்தவை சக்கிமுக்கித் துப்பாக்கிகள். மருந்து நனைந்ததால் அவை வெடிக்கவில்லை. சதுர அணி வகுத்து, துப்பாக்கி முனை ஈட்டியைக் கொண்டே அவர்கள் தாக்குப்பிடித்தனர். மழையிலும் வெடிக்கும் புதிய கேப்புத் துப்பாக்கிகளை ஏந்திய இரண்டு மரைன் கம்பெனிகள் தேடிச் சென்று அவர்களை மீட்டன.

கடல் கடந்து வந்ததும், கரையில் இறங்கியதும், போரிட்டதும் இரு தரப்பினருக்கும் பொது. கருவியும் பெயரும் மட்டுமே வேறு. பின்னாளில் சென்னையின் 37-ஆவது ரெஜிமென்ட் 'கிரனேடியர்ஸ்' என்னும் சிறப்புப் பெயர் பெற்றது. சீனப் போரில் ஈடுபட்ட சென்னை ரெஜிமென்டுகளுக்கு டிராகன் சின்னம் வழங்கப்பட்டது. மரைன் என்னும் சொல் மட்டும் அவர்களை அணுகவில்லை.

இக்காலத்து அதிகாரிகளின் கல்வியைத் தேடுவோர்க்கு முதன்மையான வாயில், இங்கிலாந்தில் கிராய்டனுக்கு அருகே கம்பெனி நடத்திய அடிஸ்கம் இராணுவக் கல்லூரியாகும் (1809–1861). பீரங்கிப் படைக்கும் பொறியாளர் படைக்கும் உரிய மாணவர்கள் அங்கே பயின்றனர். பிற்காலத்தில் காலாட்படை மாணவரும் சேர்க்கப்பட்டனர். சென்னைப் பீரங்கிப் படைக்கு ஒதுக்கப்பட்ட அடிஸ்கம் மாணவர் வந்து சேர்ந்த இடம் பரங்கிமலையே. அப்படையின் பிரிவுகளும் சீனப் போருக்குச் சென்றன. கல்லூரிப் பதிவேடு பீரங்கிப்படை என்று சொல்லும். கப்பலேற்றப் பட்டியல்தான் கடலைச் சொல்லும். இரண்டையும் இணைத்துப் படிக்காத ஆய்வு அரைகுறையாகவே நிற்கும். சிப்பாய்களின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. அதிகாரிக்குக் கல்லூரிப் பதிவேடாவது உண்டு.

1963க்குப் பின்: எண்ணும் பட்டாலியனும்

1962 சீனப் போர் அதிகாரிகளின் பற்றாக்குறையை வெளிப்படுத்தியது. அவசரகால நியமனத்திற்காகப் புணேயிலும் சென்னையிலும் அதிகாரிகள் பயிற்சிப் பள்ளிகள் தொடங்கப்பட்டன. சென்னைப் பள்ளி 1963 ஜனவரியில் பரங்கிமலையில் செயற்படத் தொடங்கியது. புணேப் பள்ளி விரைவில் மூடப்பட்டது. 1965 முதல் பரங்கிமலை குறுகிய காலப் பணிக்குரிய அதிகாரிகளைப் பயிற்றுவித்தது. 1988 ஜனவரி 1 முதல் அகாதெமி எனப் பெயர் பெற்றது. 1992இல் பெண்களும் பயிற்சிக்கு வந்தனர்.

இவர்களைத் தேட அரசிதழே அடிப்படை ஆவணம். அதில் அதிகாரியின் எண்ணுக்கு முன்னுள்ள எழுத்துகளைக் கூர்ந்து நோக்க வேண்டும். இ.சி. என்பது அவசரகால நியமனம், எஸ்.எஸ். என்பது குறுகிய காலப் பணி, டபிள்யூ.எஸ். என்பது குறுகிய காலப் பணியிலுள்ள பெண் அதிகாரி; ஐ.சி. என்பது நிரந்தரப் பணி. குறுகிய காலப் பணியில் சேர்ந்தவர் நிரந்தரப் பணி பெறும்போது அவருடைய எண் மாறுகிறது. எண்ணை மட்டும் பின்தொடர்பவருக்கு அவ்விடத்தில் ஒருவர் மறைந்து இன்னொருவர் தோன்றியதுபோல் இருக்கும். பெயர்கள் ஒத்திருக்கும் நாட்டில் இது சிறு சிக்கலன்று.

அடுத்த படி, அவர் எந்த நாளில் எந்தப் பட்டாலியனில் இருந்தார் என்பது. நியமன ரெஜிமென்டைக் கொண்டு பணியை ஊகித்தல் கூடாது. தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பயின்று, பரங்கிமலையில் பயிற்சி பெற்ற மேஜர் முகுந்த் வரதராஜன் நியமனம் பெற்றது ராஜ்புத் ரெஜிமென்டில்; 2014 ஏப்ரல் 25 அன்று சோபியானில் உயிர்நீத்தபோது அவர் பணியாற்றியது 44-ஆவது ராஷ்ட்ரீய ரைபிள்ஸில். அண்மையில் வந்த திரைப்படத்தால் இது பலர் அறிந்த செய்தியாயிற்று. திரைப்படம் வாராத பிற அதிகாரிகளின் கோப்புகளில் இவ்வேறுபாட்டை ஆய்வாளரே கண்டுகொள்ள வேண்டும்.

சுதந்திர இந்தியாவின் தரைப்படை ஈரூடகப் பணியில் இறங்கிய முதன்மையான நிகழ்வு, 1971 டிசம்பரில் காக்ஸ் பஜாரில் நடந்தது. 3-ஆவது கூர்க்கா ரைபிள்ஸின் முதலாம் பட்டாலியனும் பிகார் ரெஜிமென்டின் 11-ஆவது பட்டாலியனின் ஒரு பகுதியும், 'விஸ்வ விஜய்' என்னும் வணிகக் கப்பலில் கல்கத்தாவிலிருந்து கொண்டுசெல்லப்பட்டு, கடலிலேயே தரையிறக்கக் கப்பல்களுக்கு மாற்றப்பட்டன. கடற்கரையின் மணற்திட்டு கணிப்பில் பிழைத்தது. ஆழமான நீரில் இறங்கிய சிலர் மூழ்கி இறந்தனர். எதிரியின் குண்டால் அல்ல. ஈரூடகப் பயிற்சி இல்லாத காலாட்படையைத் திடீரெனக் கப்பலேற்றியதன் விலை இது. இவ்விரு பட்டாலியன்களின் 1971 டிசம்பர் அதிகாரிப் பட்டியலை, 1963–1971 ஆண்டுகளின் பரங்கிமலைத் தேர்ச்சிப் பட்டியலோடு ஒப்பிடுவதே இத்தேடலின் மையப் பணியாதல் வேண்டும். இ.சி., எஸ்.எஸ். எழுத்துகள் அங்கே வழிகாட்டும்.

பரமேஸ்வரனும் 91-ஆவது பிரிகேடும்

பரங்கிமலைப் பள்ளியின் முன்னாள் மாணவருள் பரம்வீர் சக்கரம் பெற்றவர் மேஜர் இராமசாமி பரமேஸ்வரன். 1946இல் பம்பாயில் பிறந்த இவர் 1972 ஜூன் 16 அன்று மகார் ரெஜிமென்டின் 15-ஆவது பட்டாலியனில் நியமனம் பெற்றார். 1987 நவம்பர் 25 அன்று யாழ்ப்பாணக் குடாநாட்டில் உயிரிழந்தபோது இருந்ததோ 8-ஆவது மகாரில். அவருடைய எண் ஐ.சி. வரிசையில் உள்ளது. மேலே கூறிய இரு எச்சரிக்கைகளுக்கும் இவர் ஒருவரே போதிய சான்று. தமிழ்ப் பெயர் தாங்கிய அதிகாரி தமிழ் மண்ணில் தமிழ்ப் போராளிகளோடு நிகழ்ந்த மோதலில் இறந்தார் என்பது, இவரைப் பற்றித் தமிழில் விரிவாக எழுதப்படாமைக்கு ஒரு காரணமாகலாம். எழுதாமலிருப்பதற்கு அது நியாயமாகாது.

யாழ்ப்பாணத்தில் 8-ஆவது மகார், 5-ஆவது மெட்ராஸ், முதலாவது மராத்தா ஆகியவை 91-ஆவது பிரிகேடின் கீழ் இருந்தன. திருவனந்தபுரத்தின் பாங்கோட்டைத் தளமாகக் கொண்ட இப்பிரிகேடே 2000களின் இறுதியில் இந்தியாவின் ஈரூடகப் பிரிகேடாக மாற்றப்பட்டது. இங்கேதான் ஆய்வாளர் நிதானிக்க வேண்டும். பிரிகேடின் இன்றைய பணியைக் கொண்டு பரமேஸ்வரனையும் 'மரைன் அதிகாரி' எனக் கூற ஒரு கவர்ச்சி உண்டு. நினைவு மலர்களில் இத்தகைய பட்டங்கள் எளிதாக ஏறிவிடும். 1987இல் அப்பிரிகேடு சாதாரணக் காலாட்படைப் பிரிகேடு. பின்னர் வந்த பெயரை முன்னர் வாழ்ந்தவர் மேல் ஏற்றுவது, முன்னர் இருந்த பணியைப் பெயரில்லை என்பதற்காக மறப்பதற்கு நிகரான பிழை. மாறாக, 2000களின் இறுதிக்குப் பின் அப்பிரிகேடில் பணியாற்றிய பரங்கிமலை அதிகாரிகளை ஈரூடகப் பணியினர் என்று உரிமையோடு குறிக்கலாம். நாள் தான் அளவுகோல்.

கடலுக்கு அப்பாலும் ஒரு வாயில்

பரங்கிமலையில் நட்பு நாட்டு மாணவர்களும் பயிற்சி பெறுகின்றனர். மாலத்தீவு அவற்றுள் ஒன்று. மாலத்தீவு தேசியப் பாதுகாப்புப் படையில் மரைன் என்னும் பெயருடைய தனிப்பிரிவே உள்ளது. ஆகவே பெயரளவிலும் மரைனாக விளங்கக்கூடிய பரங்கிமலை முன்னாள் மாணவரைத் தேட வேண்டிய முதலிடம் தில்லி அரசிதழ் அன்று. மாலே நகரின் ஆவணங்கள். அயல்நாட்டு மாணவர் இந்திய அரசிதழில் நியமனம் பெறுவதில்லை. இந்தியப் பட்டியலை மட்டும் நம்பும் ஆய்வு இவர்களை முற்றிலும் தவறவிடும்.

கள ஆய்வுக்கு ஒரு குறிப்பு. குறுகிய காலப் பணியில் இருந்தவர் பலர் சில ஆண்டுகளில் விடுவிக்கப்பட்டு ஆட்சிப் பணியிலும் காவல் துறையிலும் தனியார் நிறுவனங்களிலும் சேர்ந்தனர். அவர்களுடைய பிற்காலத் தொழிலே குடும்பத்தார் நினைவில் நிற்கிறது. 1963இல் இருபது வயதினராகப் பயிற்சி பெற்றவர் இன்று எண்பதைக் கடந்தவர். அனகாபுத்தூரிலோ குரோம்பேட்டையிலோ அத்தகைய ஒருவரைச் சந்திக்கும் ஆய்வாளர், மரைனா என்று கேட்க வேண்டியதில்லை. எண்ணின் முன்னெழுத்து, 1971 டிசம்பரில் இருந்த பட்டாலியன், ஏறிய கப்பலின் பெயர் ஆகிய மூன்றையும் கேட்டு, அவர் சொன்ன சொற்களிலேயே எழுதிக்கொண்டால் போதும். கப்பலின் பெயர் கிடைத்துவிட்டால் மற்றவற்றை ஆவணத்தில் சரிபார்க்க முடியும்.